ஜெயித்துக்கொண்டிருக்கும் பையனை மாற்றலாமா? குவாட்டர்பேக் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இரண்டு இளம் குவாட்டர்பேக்குகள் (பந்தை வாங்கி, எறிந்தோ ஓடியோ தாக்குதலை நடத்தும் ஆள்) இருந்தால் யாரை முதலில் இறக்குவது? அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, ஆட்டம் எனக்குப் புதுசு. இரண்டு பேரையும் மாற்றி மாற்றி இறக்கினால் என்ன? இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

அணியின் மற்ற பொறுப்புகளில் மாற்றி மாற்றித்தான் இறக்குகிறார்கள். குவாட்டர்பேக் விஷயம் வேறு. பந்து எந்த நொடியில் கையை விட்டு வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்பது எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்கு அனுமதி. அதை இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் இருவருக்குமே அரைகுறைதான். 2014 சீசனில் ஓஹையோ ஸ்டேட்டின் மூன்றாவது குவாட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ், முன்னால் இருந்த இருவரும் காயம்பட்டதால் உள்ளே வந்து தேசியக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவரா, ஜே.டி. பாரெட்டா என்று முடிவுக்கு வர முடியாமல் பாதி சீசன் போனது. அத்தனை திறமை இருந்தும் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் இடம் கிடைக்கவில்லை.

2006-ல் ஃப்ளோரிடா இருவரை வைத்தே கோப்பை வென்றது உண்மைதான். ஆனால் அங்கே வேலை பிரிந்திருந்தது. கிறிஸ் லீக் முழுநேர ஆள். முதல் வருட மாணவர் டிம் டீபோ சில கஜம் முட்டித் தள்ள வேண்டிய நேரத்தில் மட்டும் வருவார்.

2018 ஜனவரி தேசியக் கோப்பை இறுதி ஆட்டம். தொடங்கிய ஆட்டங்களில் இரண்டே இரண்டு தோற்ற ஜேலன் ஹர்ட்ஸைப் பாதியில் உட்கார வைத்தார் அலபாமா கோச் நிக் சேபன். அது நியாயமா சார்?

நியாயம்தான். இதை நான் பல வருடமாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இருந்தாலும் மாற மாட்டேன்.

ஜார்ஜியாவுக்கு எதிராக அட்லாண்டாவில் இடைவேளையின்போது 0-13. ஹர்ட்ஸ் எறிந்த 8-ல் 3 தான் சேர்ந்தன, மொத்தம் 21 கஜம். அந்த சீசன் முழுக்க அவர் கொடுத்த இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து) ஒன்றே ஒன்று. எல்லோரும் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அதிலேயே ஒரு கவலை இருந்தது. ரிசீவர் காவலே இல்லாமல் தனியாக நிற்காவிட்டால் அவர் எறியவே மாட்டார், பந்தை இறுக்கிக்கொண்டு ஓடிவிடுவார். சாதாரண அணிகளிடம் அது போதும். ஜார்ஜியா போன்ற தடுப்பாட்டத்திடம் போதாது.

உள்ளே வந்த டுவா டாங்கோவைலோவா முதல் வருட மாணவர், ஹவாய்ப் பையன், இடது கை. வந்தவர் தப்பே செய்யவில்லையா? செய்தார். மூன்றாம் குவாட்டரில் இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஆட்டம் சமனாகி வந்த ஓவர்டைமில் பந்தைத் தூக்கி வெளியே எறியாமல் பின்னாலேயே ஓடி 16 கஜம் இழந்தார். அடுத்த பந்தைத்தான் கவனிக்க வேண்டும். செகண்ட் அண்ட் 26, அதாவது இரண்டாவது முயற்சி, இன்னும் 26 கஜம் போக வேண்டும். ஸ்நாப் ஆகி, அதாவது பந்து கைக்கு வந்ததும் டுவா இடது பக்கம் பார்க்கவே இல்லை. கண்ணை வலப்பக்கமே வைத்திருந்து, பின்னால் காவல் நின்ற சேஃப்டியை அங்கேயே பிடித்து வைத்தார். அப்புறம் சட்டென்று திரும்பி இடது ஓரத்தில் ஓடிய டெவான்டா ஸ்மித்துக்கு எறிந்தார். 41 கஜம், எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன், 26-23. சேஃப்டியைக் கண்ணாலேயே நகர்த்தும் அந்தத் திறமைக்காகத்தான் ஆளை மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த சீசனுக்கும் டுவாவையே வைத்தது சரியா?

சரி. 43 டச்டவுன் பாஸ், 6 இன்டர்செப்ஷன். இதற்கு மேல் என்ன சொல்ல?

ஆனால் ஹர்ட்ஸை நடத்திய விதத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வசந்தகாலம் முழுக்க உன் மனநிலை என்ன என்று தன்னை யாருமே வந்து கேட்கவில்லை என்று அவரே ஆகஸ்டில் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஒரு பையனை வெளியே உட்கார வைப்பது கோச்சின் உரிமை. அவனோடு உட்கார்ந்து பேசுவது கோச்சின் கடமை.

ஹர்ட்ஸ் அப்போதே வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாமே?

அன்றைய விதிப்படி பட்டம் வாங்காமல் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். அவர் இருந்து, டிசம்பரில் பட்டம் வாங்கி, ஓக்லஹோமா போய் உடனே ஆடினார். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டில் இரண்டாம் இடமும் வந்தார்.

இருந்ததால் இன்னொன்றும் நடந்தது. 2018 டிசம்பர் 1, அதே அட்லாண்டா மைதானம், அதே ஜார்ஜியா. நான்காம் குவாட்டரில் அலபாமா 21-28 என்று பின்தங்கியிருக்க, டுவாவுக்குக் கணுக்காலில் அடி. ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஜெரி ஜூடிக்கு ஒரு டச்டவுன் பாஸ், அப்புறம் கடைசி நிமிடங்களில் தானே 15 கஜம் ஓடி இன்னொன்று. 35-28. எறிந்த 9-ல் 7 சேர்ந்தன. முன்பெல்லாம் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அதே ஆள்! அந்த ஜனவரிக்குப் பிறகு அவர் எப்படி உழைத்திருப்பார் என்று நினைத்து அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே வருடம் கிளெம்சன் கல்லூரியில் குவாட்டர்பேக் கெல்லி பிரையன்ட் அணியை விட்டே போனார். அது துரோகம் இல்லையா?

இல்லை. தொடங்கிய நான்கு ஆட்டமும் வெற்றி. அதன் பிறகு முதல் வருட மாணவர் டிரெவர் லாரன்ஸ்தான் இனி என்றார்கள். நான்கு ஆட்டத்தோடு நிறுத்தினால் கல்லூரியில் ஆட அனுமதிக்கும் வருடக் கணக்கில் அந்த வருடம் போகாது என்பது அப்போது வந்த புது விதி. பிரையன்ட் தன் வழியைப் பார்த்தார், அதில் தப்பில்லை. கோச்சின் தேர்வும் தப்பில்லை, கிளெம்சன் 15-0 என்று கோப்பை வென்றது. ஆனால் லாரன்ஸ் முதன்முதலாகத் தொடங்கிய சிரக்யூஸ் ஆட்டத்திலேயே அடிபட்டார். சேஸ் பிரைஸ் என்ற மாற்று ஆள் வந்து நான்காம் குவாட்டரில் 10 புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டத்தை 27-23 என்று காப்பாற்றினார். அவர் தயாராக இல்லாமல் இருந்திருந்தால் அந்த 15-0 கிடையாது.

என் மகன் இங்கே உயர்நிலைப் பள்ளியில் இரண்டாவது குவாட்டர்பேக். பள்ளியை மாற்றலாமா என்று பார்க்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?

அதற்கு முன்னால் ஒரு பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். முதல் அணி ரிசீவர்களோடு உங்கள் பையனுக்கு எத்தனை ஸ்நாப் தருகிறார்கள் என்று எண்ணுங்கள். பத்தில் இரண்டு மூன்றாவது கிடைத்தால் இந்த வருடம் இருக்கட்டும். ஒன்றுகூட இல்லை என்றால், அவனையே நேராகப் போய்க் கோச்சிடம் காரணம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டாம்.