பிடித்த ஊர் கையில் நிற்க மாட்டேன் என்கிறதா? சிவிலைசேஷன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: “ஊரைப் பிடித்தேன், பத்து டர்ன் தாண்டுவதற்குள் போய்விட்டது.” சிவிலைசேஷன் என்பது நாடு கட்டி ஆளும் கணினி விளையாட்டு வரிசை; வேறு எதுவும் சொல்லாத இடத்தில் நான் பேசுவது சிவிலைசேஷன் 6 பற்றி. அதுவும் ரைஸ் அண்ட் ஃபால் (2018) அல்லது கேதரிங் ஸ்டார்ம் (2019) என்ற விரிவாக்கத்தைப் போட்டிருந்தால்தான் பொருந்தும். வெறும் அடிப்படை ஆட்டத்தில் லாயல்டி (ஊர் உங்களிடம் காட்டும் விசுவாசம், அது தீர்ந்தால் ஊர் கைவிட்டுப் போகும்) என்ற தலைவலியே கிடையாது.

கேள்வி: எதிரியின் எல்லையோர ஊர் ஒன்றைப் பிடித்தேன். மக்கள்தொகை 4. அங்கிருந்து நாலு கட்டம் தள்ளி எதிரிக்கு 10 மக்கள்தொகையுள்ள ஊர், ஐந்து கட்டம் தள்ளி 8 உள்ள இன்னொன்று. எனக்குக் கிட்டத்தில் இருப்பது ஏழு கட்டம் தள்ளி ஒரே ஊர், அதில் 7. ஊருக்குள் ஒரு படை, சுற்றிலும் ஐந்து படை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர் கிளர்ச்சி செய்து, யாருக்கும் சொந்தமில்லாத ஃப்ரீ சிட்டி ஆகிவிட்டது. இது நியாயமா?

நியாயமோ இல்லையோ, கணக்கு சரி. சுற்றி நின்ற ஐந்து படையை ஆட்டம் எண்ணவே இல்லை. அது எண்ணுவது மக்கள்தொகையை. உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஊரும் தன்னைச் சுற்றி 9 கட்டம் வரை அழுத்தம் கொடுக்கும். ஊருக்குள்ளேயே என்றால் முழு வலு, ஒவ்வொரு கட்டம் தள்ளப் போகப் பத்தில் ஒரு பங்கு குறையும். எதிரியின் 10 நாலு கட்டம் தள்ளி இருப்பதால் 6 ஆகிறது. 8 ஐந்து கட்டம் தள்ளி, ஆக 4. மொத்தம் 10. உங்கள் பக்கம்: பிடித்த ஊரின் 4 பேரும் ஊர் யார் கையில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் வருவார்கள், அது 4. ஏழு கட்டம் தள்ளியுள்ள ஊரின் 7 பேர் வெறும் 2.1. மொத்தம் 6.1.

வித்தியாசம் 3.9. அதைச் சிறிய பக்கத்தோடு அரை கூட்டி, அதாவது 6.6 ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால், டர்னுக்கு ஏறக்குறைய 6 குறையும். இது அக்கம்பக்கத்து அழுத்தம் மட்டும். பிடித்த ஊர் என்பதற்கான அபராதம், எதிரிக்கு உங்கள் மேல் உள்ள மனக்குறை எல்லாம் இதற்கு மேல். லாயல்டி நிரம்பியிருந்தாலே 100தான், புதிதாகப் பிடித்த ஊரில் அது நிரம்பியா இருக்கும்?

இனி வேறு மாதிரி யோசியுங்கள். படையை அங்கே நிறுத்தாமல் நேரே அந்த 10 பேர் ஊருக்குப் போயிருந்தால்? பிடிக்கும்போது கொஞ்சம் மக்கள்தொகை குறையும், 7 மிஞ்சியது என்று வைப்போம். அது இப்போது உங்கள் பக்கம் 4.2 தரும், உங்கள் மொத்தம் 10.3. எதிரிக்கு மிஞ்சுவது 4. அதே சூத்திரத்தில் டர்னுக்கு +14. முதல் ஊரைக் காப்பாற்றியது அந்த ஊருக்குள் நீங்கள் செய்த எதுவும் இல்லை, பக்கத்து ஊரைப் பிடித்ததுதான். ஒரு ஊரைப் பிடித்துவிட்டுப் படைக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் போயிற்று.

ஆகவே போரைத் தொடங்கும் முன்பே லாயல்டி லென்ஸை (வரைபடத்தில் லாயல்டியைக் காட்டும் பார்வை) போட்டு, எந்த ஊர் அதிக மக்களோடு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லையில் இருப்பது சுலபமாக விழும், நிற்காது. நடுவில் இருப்பது கஷ்டப்பட்டு விழும், ஆனால் விழுந்தால் அக்கம்பக்கத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும்.

கேள்வி: எனக்கு டார்க் ஏஜ். இப்போது படையெடுக்கலாமா?

டார்க் ஏஜ், அதாவது நாட்டின் இருண்ட காலம், உங்கள் மக்கள் தரும் அழுத்தத்தைப் பாதியாக்கும்; மேலே போட்ட கணக்கிலேயே உங்கள் பக்கத்தைப் பாதியாக்குங்கள். 6.1 என்பது 3.05 ஆகும். விடை டர்னுக்கு −19.6. அக்கம்பக்கத்து அழுத்தத்துக்கு உச்சவரம்பே 20தான், கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிட்டீர்கள். கோல்டன் ஏஜ் (பொற்காலம்) என்றால் ஒன்றரை மடங்கு, அதே ஊர் டர்னுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் இழக்கும். நான் என்றால் அடுத்த சகாப்தம் வரை காத்திருப்பேன். எதிரிக்கும் டார்க் ஏஜ் என்றால் அது வேறு கதை, போய் வாருங்கள்.

கேள்வி: கவர்னரைப் போட்டால் 8 லாயல்டி என்கிறார்கள். ஆனால் பதவியேற்கவே 5 டர்ன் ஆகிறதே, அதற்குள் ஊர் போய்விடாதா?

போகாது. பதவியேற்றால்தான் கவர்னரின் மற்ற திறமைகள் வேலை செய்யும். அந்த 8 லாயல்டி மட்டும் அனுப்பிய உடனேயே கணக்கில் ஏறிவிடும். இது தெரியாமல் ‘இன்னும் அஞ்சு டர்னா’ என்று கவர்னரை அனுப்பாமலே ஊரை விட்டவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன், முதல் இரண்டு மூன்று ஆட்டங்களில்.

போருக்கென்றே இருப்பவர் விக்டர். அவருக்குப் பதவியேற்க 3 டர்ன் போதும். கேரிசன் கமாண்டர் பதவி உயர்வு கொடுத்துவிட்டால், அவர் இருக்கும் ஊரைச் சுற்றி 9 கட்டத்துக்குள் உள்ள உங்கள் மற்ற ஊர்களுக்கும் டர்னுக்கு 4 கிடைக்கும். மூன்று நாலு ஊரை அடுத்தடுத்துப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் அவரை நடுவிலுள்ள ஊரில் உட்கார வையுங்கள். பிரிட்டோரியம் கொள்கை அட்டை போட்டால் கவர்னர் உள்ள ஊருக்கு இன்னும் 2.

ஒரு எச்சரிக்கை. கவர்னரை எங்கிருந்தாவது பிடுங்கித்தானே அனுப்புவீர்கள், அந்த ஊர் 8 இழக்கும். எல்லையோரமாக உள்ள சொந்த ஊரிலிருந்து கவர்னரை எடுத்துப் பிடித்த ஊரில் போட்டு, சொந்த ஊரை இழந்த கதை என்னிடமே ஒன்று இருக்கிறது. விவரமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தலைநகரில் இருப்பவரை எடுங்கள், தலைநகர் தாங்கும்.

கேள்வி: ஊருக்குள் படையை நிறுத்தினால் ஒன்றுமே பலன் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. லிமிட்டானே அட்டை இருந்தால், உள்ளே படை நிற்கும் ஊருக்கு 2 கிடைக்கும். பாரசீகத்தின் சைரஸாக ஆடினால், பிடித்த ஊருக்குள் படை இருந்தாலே 5. ஒட்டோமான் சுலைமானுக்குப் படைகூட வேண்டாம், அவர்கள் நிறுவாத ஊர்களுக்கெல்லாம் தானாகவே 4 லாயல்டி, கூடவே ஒரு அமெனிட்டி (மக்களை மகிழ்விக்கும் வசதி). நாடு பிடிப்பதற்காகவே ஆட்டம் தொடங்குகிறீர்கள் என்றால் இந்த இருவரில் ஒருவரை எடுப்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கேள்வி: எல்லாம் செய்துவிட்டேன். இன்னும் டர்னுக்கு −1.5 என்று காட்டுகிறது. சில்லறைக்கு எங்கே போவது?

சில்லறைதான் என்றால் கவலை வேண்டாம். மோனுமென்ட் ஒன்று கட்டுங்கள், அல்லது சண்டையில் உடைந்து கிடப்பதைச் சரிசெய்யுங்கள், 1 கிடைக்கும். அப்புறம் அமெனிட்டியைப் பாருங்கள். மக்கள் மகிழ்ச்சியாக இருந்தால் 3, கொண்டாட்டமாக இருந்தால் 6. அதிருப்தி என்றால் −3, அதற்கும் கீழே போனால் −6. நீங்கள் சொந்த மதம் நிறுவியிருந்து, பிடித்த ஊர் வேறு மதத்தைப் பின்பற்றினால் அது வேறு −3. ஒரு மிஷனரி போய் ஊரை மாற்றிவிட்டால் −3 என்பது +3 ஆகும், அதாவது 6 லாபம். மிஷனரியை இதற்குப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஊர் பட்டினி கிடக்கிறதா என்றும் பாருங்கள். போரில் வயல்களைக் கொள்ளையடித்தது நீங்கள்தானே? பில்டரை அனுப்பி நீங்களே சரிசெய்யுங்கள்.

கேள்வி: பேசாமல் கொளுத்திவிட்டால் என்ன?

மூலைமுடுக்கில், ஒரு பயனும் இல்லாத இடத்தில் கணினி நட்டுவைத்த ஊர் என்றால் தயங்காமல் கொளுத்துங்கள். எதிரியின் மக்கள்தொகை குறைவதும் உங்களுக்கு ஆதாயம்தான். ஆனால் மனக்குறை ஏறும், மற்ற நாடுகளும் முகம் சுளிக்கும். ஆதித் தலைநகரங்களைக் கொளுத்த ஆட்டமே விடாது. டாமினேஷன் வெற்றிக்கு அவைதான் வேண்டும் என்பதால் அவற்றுக்கே கவர்னரை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: ஃப்ரீ சிட்டி ஆகிவிட்டது. பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி ஆடட்டுமா?

எதற்கு? ஃப்ரீ சிட்டி யாருக்கும் சொந்தமில்லை. போர் அறிவிக்காமலே அடிக்கலாம், மனக்குறையும் சேராது. கிளர்ச்சியோடு முளைக்கும் படைகளைச் சமாளிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால் ஊர் ஆட்டம் காணும்போதே உள்ளூரில் சண்டை போடத் தெரிந்த இரண்டு படையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் ஊர் அழுத்தம் அதிகமுள்ள நாட்டோடு போய்ச் சேர்ந்துவிடும், பெரும்பாலும் பழைய முதலாளியிடமே.

பக்கத்து நாட்டில் அக்கிடெய்னின் எலினோர் இருந்தால் மட்டும் பயப்படுங்கள். அவருடைய ஊர்களில் உள்ள ஒவ்வொரு கலைப்படைப்பும் 9 கட்டத்துக்குள் இருக்கும் அடுத்தவர் ஊரின் லாயல்டியை அரிக்கும். ஊர் ஃப்ரீ சிட்டி கட்டத்தைத் தாண்டி நேராக அவரிடமே போய்விடும். ஒரு அம்பு விடாமல் ஊர் பிடிக்கும் மகராசி.

கேள்வி: இன்னும் சிவ் 5 தான் ஆடுகிறேன். ஊர் கிளர்ச்சி செய்வதில்லை, ஆனால் ரெண்டு ஊர் பிடித்ததும் நாடு முழுக்க அழுகிறது.

எல்லா ஊரையும் உடனே நாட்டோடு இணைத்திருப்பீர்கள். முதலில் பப்பெட்டாக, அதாவது நீங்கள் நேரடியாக நிர்வகிக்காத பொம்மை ஊராக, வையுங்கள். எதிர்ப்பு அடங்கியபின், உண்மையிலேயே தேவைப்படும் ஊரை மட்டும் இணைத்து, இணைத்த கையோடு கோர்ட்ஹவுஸ் வாங்குங்கள். ஆக்கிரமிப்பால் வரும் கூடுதல் அதிருப்தி அதோடு தீரும். மற்றவை ஆட்டம் முடியும்வரை பப்பெட்டாகவே கிடக்கட்டும்.

கேள்வி: சிவ் 7 இல் லாயல்டி உண்டா?

அந்தப் பெயரில் இல்லை, மகிழ்ச்சிதான் எல்லாம். ஊர் எண்ணிக்கைக்கு வரம்பு ஒன்று இருக்கிறது. அதை மீறிப் பிடித்துக்கொண்டே போனால் எல்லா ஊரின் மகிழ்ச்சியும் சரியும். பிடிப்பதற்கு முன்பு வரம்பைப் பாருங்கள்.

கேள்வி: என் அண்ணன் ‘சிவ் 3 ஆடியிருந்தால் நீ இப்படிப் புலம்ப மாட்டாய்’ என்கிறார். அப்படி என்ன அதில்?

அண்ணன் சொல்வது சரிதான். 2001 இல் வந்த அந்த ஆட்டத்தில் பிடித்த ஊர் கலாசார ஈர்ப்பால் பழைய நாட்டுக்கே திரும்பினால், உள்ளே இருந்த படை அத்தனையும் காணாமல் போகும். சண்டையில்லை, அறிவிப்பு ஒன்று வரும், அவ்வளவுதான். காயம்பட்ட எட்டுக் குதிரைப்படையை ஆற விடலாம் என்று பிடித்த ஊருக்குள் அடைத்து வைத்தேன். அடுத்த டர்னில் ஊரும் இல்லை, குதிரையும் இல்லை. அதன்பின் ஊருக்குள் ஒரே ஒரு பழைய ஈட்டிக்காரனை மட்டும் விட்டு, பெரிய படையை வெளியே ஒரு கட்டம் தள்ளி நிறுத்தப் பழகினேன். ஊர் திரும்பினால் போவது அந்த ஈட்டிக்காரன் மட்டும், மறுபடி பிடிக்கப் படை வெளியே தயாராக நிற்கும். கூடவே ஊரைப் பட்டினி போட்டு வெளிநாட்டுக் குடிமக்களைக் குறைப்பதும் அப்போது எல்லாரும் செய்த வேலை. சிவ் 6 இல் அதைச் செய்யாதீர்கள், அங்கே பட்டினி உங்களுக்கே எதிராகத் திரும்பும்.