67 ஹெக்டேர்

அன்புள்ள ஐயா,

கோவையில் மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு வாரமாக ரஷ்யாவின் ஸ்மெர்ச் ராக்கெட் ஏவு வண்டியின் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 300 மி.மீ. குழாய்கள் 12. 38 விநாடியில் அத்தனையும் காலி. 67 ஹெக்டேர் ஒரே வீச்சில் துடைத்தெடுக்கப்படுகிறது. போரை வெறுப்பவன்தான், ஆனாலும் மெய்சிலிர்க்கிறது. இது தப்பா? நம் நாட்டு ராக்கெட் வண்டி பினாகாவை இதனோடு ஒப்பிட முடியுமா? அமெரிக்காவின் ஹைமார்ஸ்தான் சிறந்தது என்கிறார்களே? ஈழத்தில் 'மல்டிபேரல்' என்றது இதைத்தானா?

ம.

அன்புள்ள ம.,

சிலிர்ப்பதில் தப்பில்லை. தேர் அசைந்து வரும்போதும் சிலிர்க்கிறது, ரயில் எஞ்சின் பக்கத்தில் நின்றாலும் சிலிர்க்கிறது. இதற்கெல்லாம் என்னிடம் வந்து பாவமன்னிப்புக் கேட்காதீர்கள். ஹைமார்ஸா ஸ்மெர்ச்சா என்று சண்டை போட யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். ஈழத்து மக்கள் மல்ரிபரல் என்றது வேறு வண்டி. இலங்கை ராணுவம் செக் நாட்டிலிருந்து வாங்கிய ஆர்எம்-70, 122 மி.மீ., 40 குழாய். அதன் சத்தத்தைக் கேட்டு பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் குழாயை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோனது ஒரு சொல்லில். ஹெக்டேர். கொஞ்ச நாளாகவே அது என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் வந்து சரியாக அதையே தட்டினீர்கள்.

என் அப்பா நில அளவைத் துறையில் செயின்மேன். 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன், கொடி பிடிக்க. ஹெக்டேர், அதில் நூறில் ஒரு பங்கான ஏர் என்ற கணக்கு பட்டாவில் ஏறிய காலம் அது. ஊரில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. "எனக்கு எத்தனை ஏக்கர்னு சொல்லுங்க சாமி" என்று வரப்பில் நின்று கேட்பார்கள். அப்பா மனக்கணக்காகவே சொல்வார்: ஒரு ஹெக்டேருக்கு இரண்டு ஏக்கர் நாற்பத்தேழு சென்ட்.

சரி, நீங்கள் பொறியாளர், போட்டுப் பாருங்கள். 67 ஹெக்டேர் என்றால் சுமார் 165 ஏக்கர். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 820 மீட்டர். சுற்றி நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். எங்கள் ஊரின் இரண்டு தெரு, காலனி, மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், களத்துமேடு எல்லாம் அதற்குள் அடங்கி, ஏரிக்கரையை ஒட்டிய நஞ்சையில் பாதியும் உள்ளே வந்துவிடும். நீங்கள் 'துடைத்தெடுக்கப்படுகிறது' என்று எழுதுகிறீர்கள். எதை ஐயா துடைக்கிறார்கள்? எச்சில் இலை கிடந்த திண்ணையையா?

துப்பாக்கிக்கு ஆள் குறி, ஏவுகணைக்குக் கட்டடம் குறி. இந்த வண்டிக்குக் குறி நிலம். ஸ்மெர்ச் ராக்கெட் பறக்கும்போதே தன் போக்கைத் திருத்திக்கொள்ளும் என்று நீங்கள் குதிக்கலாம். உண்மைதான். அப்படியும் 70 கிலோமீட்டர் போனால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். விலகினால் என்ன, பரவி விழுவதற்குத்தானே அது? அது ஏவும் 9எம்55கே என்ற ராக்கெட்டுக்குள் 72 சிறு குண்டுகள், இப்படிச் சிதறுவதைத்தான் கொத்துக்குண்டு என்கிறார்கள். 12 ராக்கெட்டுக்கு 864. நிலத்தில் விதை தூவுகிற கணக்கு அது, அதனால்தான் விற்பனைத் தாளில் விவசாயியின் அளவையில் போட்டிருக்கிறான்.

(இந்த ரஷ்ய ராக்கெட் வண்டிகளின் பெயர்களையும் பாருங்கள். கிராத் என்றால் ஆலங்கட்டி மழை, உரகான் சூறாவளி, ஸ்மெர்ச் சுழல்காற்று. வானிலை அறிக்கை மாதிரி. அது இன்னொரு நாளைக்கு.)

2020 அக்டோபர் 28. அஜர்பைஜானில் பர்தா என்ற ஊர், ஆர்மீனியாவுடன் நடந்த போரின் முனையிலிருந்து தள்ளி இருந்தது. கடைகள் திறந்திருந்த நேரத்தில் ஸ்மெர்ச் விழுந்தது, குறைந்தது 21 பேர் செத்தார்கள். ஆர்மீனியா மறுத்தது, கிடந்த துண்டுகளைப் பார்த்த மனித உரிமை அமைப்புகள் 9எம்55கே என்றன. உடனே ஆர்மீனியாவைத் திட்டிக் கிளம்பாதீர்கள், அதே போரில் ஆர்மீனியர்கள் வாழ்ந்த ஸ்டெபனாகெர்ட் நகரின் குடியிருப்புகள் மேல் அஜர்பைஜானும் கொத்துக்குண்டு போட்டது. 2022 பிப்ரவரி 28இல் ரஷ்யா உக்ரைனின் கார்கிவ் நகரக் குடியிருப்புகள் மேல் இதே ஸ்மெர்ச்சைப் போட்டது. தெருவில் தார் ரோட்டைக் குத்திக்கொண்டு நின்ற ராக்கெட் வாலை நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2008இல் இந்தக் கொத்துக்குண்டுகளைத் தடைசெய்ய ஓர் ஒப்பந்தம் வந்தது. ரஷ்யா, உக்ரைன், ஆர்மீனியா, அஜர்பைஜான், அமெரிக்கா, நாம் என்று ஒருவரும் சேரவில்லை. இலங்கை 2018இல் சேர்ந்தது, போர் முடிந்தபிறகு.

வெடிக்காமல் மண்ணில் தங்கியதை எடுக்கிறவர்களுக்கும் அளவை பரப்புதான். ஆனால் அவர்கள் சதுர மீட்டரில் எண்ணுகிறார்கள். குனிந்து, கருவியை மெல்ல நகர்த்தி, ஓர் ஆள் ஒரு நாளில் முடிப்பது சில பத்துச் சதுர மீட்டர். வட இலங்கையின் முகமாலையில் வெயிலில் முட்டிபோட்டு மண்ணைக் கிளறிய பெண்களை நினைத்துக்கொண்டு உங்கள் 38 விநாடியை இன்னொரு தடவை படியுங்கள்.

கரும்பு நிற்கிற வயலில் சங்கிலி வீசுவதற்கு முன் அப்பா நின்று சத்தமாகக் குரல் கொடுப்பார்: "உள்ளே யாரு?" வீசும் சங்கிலியின் பித்தளைப் பிடி தலையில் பட்டால் மண்டை உடையும். பெரும்பாலும் பதில் வராது. அப்படியும் இரண்டு தடவை கேட்பார், நான் சலித்துக்கொள்வேன், பசிக்கும். ஒருநாள் மூன்றாவது தடவையில் உள்ளேயிருந்து "நான்தான், தோகை உரிக்கறேன்" என்று ஒரு பாட்டியின் குரல் வந்தது. அவர் வெளியே வந்து, வெற்றிலை மென்று துப்பி, அப்பாவிடம் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போகும்வரை நாங்கள் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

பினாகா கேட்டிருந்தீர்களே, மறந்துவிட்டேன். 214 மி.மீ., 12 குழாய், 44 விநாடி. அதற்கும் எங்காவது ஒரு பரப்பளவு போட்டிருப்பான். ஏக்கராக நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்