வெள்ளை வேட்டி நீலமாகத் தெரிவது ஏன்? புதிய டிவி வாங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடையில் கண்ணைப் பறித்த 55 அங்குல டிவி, வீட்டில் மாட்டியபின் எல்லோருடைய முகத்தையும் செக்கச்செவேலென்று காட்டுகிறது. பழுதான பெட்டியைத் தந்துவிட்டார்களா?

பதில்: பெட்டியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. கடையில் இருபது முப்பது டிவிகளை வரிசையாக மாட்டி, மேலே விளக்குகளைப் பளீரென்று எரியவிட்டிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் இருக்கும் டிவியைவிட எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்ற நிலை இருக்கிறது. அதில் ஒளி உச்சத்தில் இருக்கும்; நிறம் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கும்; வெண்மையில் நீலம் கலந்திருக்கும். இரண்டு குழல்விளக்குகள் எரியும் நம் வீட்டுக் கூடத்தில் அதே படம் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

முதலில், பெட்டி ‘ஹோம்’ நிலையில் இருக்கிறதா, ‘ஷாப்’ அல்லது ‘ரீடெயில்’ நிலையில் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். நீங்கள் மாற்றிய அமைப்புகள் சிறிது நேரத்தில் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பினால், பெட்டி இன்னும் கடை நிலையில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்தபின் படத்துக்கான மெனுவில் ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகச் சொன்னது, யூஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 2019-இல் அறிமுகப்படுத்தியது; படத்தை எடுத்தவர்கள் எந்த நிறத்தில், எந்த அளவில் முடித்தார்களோ அதற்கு நெருக்கமாகக் காட்டுவதே அதன் நோக்கம். உங்கள் குறையில் முக்கால் பங்கு இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: சினிமா நிலைக்கு மாற்றினேன். படம் முழுவதும் மஞ்சள் பூத்ததுபோல் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பழையபடியே வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மனம் மாறி விவிட் நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். திரைப்படமும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் ஏறத்தாழ 6500 கெல்வின் (வெண்மை எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைக் குறிக்கும் நிறவெப்ப அளவு) என்ற வெண்மையை அளவாக வைத்து நிறம் சேர்க்கப்படுகின்றன. கடை நிலையில் வெண்மை அதைவிட மிகவும் நீலமாக இருக்கும். நீலத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை முதலில் மஞ்சளாகத்தான் தெரியும். சில நாட்களில் கண் தானே பழகிக்கொள்ளும்.

அண்மையில் உறவினர் ஒருவர் வீட்டில் இதை நேரில் காட்ட நேர்ந்தது. கல்யாணக் காட்சி ஒன்றை நிறுத்திவைத்தோம். மாப்பிள்ளையின் தோளில் மல்லிகை மாலை, இடுப்பில் பட்டு வேட்டி. நிறவெப்பம் ‘கூல்’ என்றிருந்தபோது வேட்டி சொட்டுநீலத்தில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. மல்லிகைக்கும் வேட்டிக்கும் வேறுபாடே தெரியவில்லை. ‘வார்ம்’ என்று மாற்றியதும் வேட்டியின் சந்தன வெண்மை தனியாகவும், பூவின் வெண்மை தனியாகவும் பிரிந்து நின்றன. மாப்பிள்ளையின் மாநிறம் மாநிறமாகவே வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காட்சியை நிறுத்திவைத்து எல்லோருக்கும் காட்டுங்கள். சாம்சங்கில் ‘வார்ம் 2’, சோனியில் ‘எக்ஸ்பர்ட் 1’ என்பவை இந்த அளவுக்கு நெருங்கியவை. அவையும் அதிகமாகத் தோன்றினால் ஒரு படி குறைத்து வைத்து, பத்து நாள் கழித்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: பேக்லைட், பிரைட்னஸ், காண்ட்ராஸ்ட் என்று மூன்று இருக்கின்றன. இரவில் கண் கூசினால் எதைக் குறைப்பது?

பதில்: பேக்லைட்டை மட்டும் குறையுங்கள். திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் அளவு அதுதான். பகலில் ஏற்றி, இரவில் இறக்கினால் படத்தின் தன்மை கெடாது. பழைய மெனுக்களில் பிரைட்னஸ் என்பது பெயருக்கு மாறாகக் கருமையின் அளவைக் குறிக்கும். அதை ஏற்றினால் கருப்பு சாம்பலாகும்; மிகவும் இறக்கினால் நாயகியின் கூந்தலும் பின்னால் இருக்கும் இருட்டும் ஒன்றாகிவிடும். இரவில் விளக்கை அணைத்து, மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும் படம் ஒன்றைப் போட்டு, இருட்டான காட்சியில் நிறுத்துங்கள். பட்டை கருப்பாகவே இருக்க வேண்டும். அதே நேரத்தில் கருப்புச் சட்டையின் மடிப்பும் தெரிய வேண்டும். அந்த இடமே சரியான இடம். காண்ட்ராஸ்ட் வெண்மையின் அளவு. சட்டைப் பொத்தானும் தையலும் வெள்ளையில் கரையாதவரை அதைத் தொட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை: சோனியிலும் அண்மைக்கால சாம்சங் பெட்டிகளிலும் ‘பிரைட்னஸ்’ என்ற பெயரே பேக்லைட்டைக் குறிக்கிறது. கருமைக்குச் சோனியில் ‘பிளாக் லெவல்’ என்றும், சாம்சங்கில் ‘ஷேடோ டீட்டெய்ல்’ என்றும் தனிப்பெயர் உண்டு. பெயரை நம்பாமல், நகர்த்தும்போது திரையில் எது மாறுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எந்தப் படத்தைப் போட்டாலும் சீரியல் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஆட்கள் வழுக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

பதில்: நல்ல கண் உங்களுக்கு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. சீரியல்களோ பெரும்பாலும் அதைவிட வழுவழுப்பான அசைவு தரும் வீடியோவாக எடுக்கப்பட்டு வந்தவை. புதிய டிவிகள், இரண்டு சட்டகங்களுக்கு நடுவே எடுக்கப்படாத சட்டகங்களைத் தாமே கணக்கிட்டு உருவாக்கிச் சொருகுகின்றன. அதனால்தான் பல கோடி செலவில் எடுத்த படமும் படப்பிடிப்புத் தளத்தில் நின்று பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று காணொளி வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

இதற்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர்: எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, வேறு பலவற்றில் எம்இஎம்சி. படம் பார்க்கும்போது முழுவதும் அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு மட்டும் சிறிதளவு வைத்துக்கொள்வதில் தவறில்லை. பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடுவதைத் தொடர்ந்து பார்க்கச் சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் பந்துக்குப் பின்னால் வால்போல் ஒரு நிழல் தெரிந்தால் அங்கும் வேண்டாம்.

கேள்வி: 4கே டிவியில் கேபிள் சேனல்கள் பழைய டப்பா டிவியைவிட மோசமாகத் தெரிகின்றன. ஷார்ப்னெஸை முழுவதும் ஏற்றியும் பயனில்லை.

பதில்: ஏற்றியதால்தான் இன்னும் மோசமாகியிருக்கிறது. சாதாரண எஸ்டி (எச்டி அல்லாத, தெளிவு குறைந்த) சேனலில் வருவது அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள். உங்கள் திரையில் இருப்பவை 3840க்கு 2160. ஏறத்தாழ இருபது மடங்கு இடத்தை அந்தக் கொஞ்சம் புள்ளிகளைக் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. இல்லாத நுணுக்கத்தை ஷார்ப்னெஸ் கொண்டுவராது. எழுத்துகளையும் முகங்களையும் சுற்றி வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான். செய்தி வாசிப்பவரின் தோளோரத்தைப் பாருங்கள், அந்தக் கோடு தெரியும். அது மறையும்வரை குறையுங்கள். சோனியில் மட்டும் 50 என்பதே நடுநிலை. அதை ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் படம் மங்கிவிடும்.

பிறகு செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். எச்டி பாக்ஸ் வாங்கிவிட்டு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய ஒயரிலேயே இணைத்து வைத்திருக்கும் வீடுகள் பல. எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, பாக்ஸின் மெனுவில் வெளியீட்டை 1080 என்று வையுங்கள். எஸ்டி சேனல் அதனால் எச்டி ஆகிவிடாது. எச்டி சேனலாவது எச்டியாகத் தெரியும்.

கேள்வி: பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். கிரிக்கெட்டில் ஓரத்தில் இருக்கும் ஸ்கோர் பாதி வெட்டுப்படுகிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல்தான் வந்தது. கருப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் ஏறக்குறைய 4:3 என்ற, சதுரத்துக்கு நெருங்கிய அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றை 16:9 திரைக்கு இழுத்து நிரப்பினால் முகம் அகலும். படத்தின் அளவை 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள். இருபுறமும் கருப்பு இடம் விழும். அந்த நடிகர்களின் முகம் அவர்களுடையதாக இருக்க வேண்டுமானால் அந்த இடத்தை விடத்தான் வேண்டும். இழுத்த வேலையைச் சில நேரம் சேனலே செய்து அனுப்புகிறது. அப்போதும் 4:3 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஸ்கோர் வெட்டுப்படுவது, குழாய் டிவிக் காலத்தில் விளிம்பை மறைக்கச் செய்த ஏற்பாடு இன்னும் தொடர்வதால். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’, மற்றவற்றில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற பெயரில் இருப்பதை இயக்குங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் இதே மாடலுக்குத் தந்திருக்கும் எண்களை அப்படியே போடலாமா?

பதில்: நிலை, நிறவெப்பம், ஷார்ப்னெஸ் ஆகியவற்றைப் போடலாம். வெண்மைச் சமநிலைக்கான (‘ஒயிட் பேலன்ஸ்’) நுண்ணிய எண்களை வேண்டாம். அவை அவருடைய டிவியின் திரைப் பேனலைக் கருவியால் அளந்து எடுத்தவை, ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் வேறுபாடு உண்டு.

கேள்வி: என் தந்தைக்கு 78 வயது. நீங்கள் சொன்னபடி எல்லாம் மாற்றினேன்; படம் இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.

பதில்: அவர் சொல்வது உண்மை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியும் குறைகிறது. உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அவருக்குப் போதாது. பல டிவிகள் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். அவர் செய்தியும் பக்திப் பாடலும் பார்க்கும் செட்டாப் பாக்ஸ் இணைப்பில் ‘ஸ்டாண்டர்ட்’ நிலையை வைத்து, பேக்லைட்டை அவர் போதும் என்று சொல்லும்வரை ஏற்றுங்கள். நிறத்தை மட்டும் ஏற்ற வேண்டாம். நீங்கள் படம் பார்க்கும் ஓடிடி செயலிகளில் சினிமா நிலை அப்படியே இருக்கட்டும். மின்சேமிப்பு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அறை இருட்டும்போது திரையும் தானாக மங்கும். முதலில் அதை அணைத்துவிட்டு, மாலையில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்து, ரிமோட்டை அவர் கையில் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள்.