மணி பிளான்ட்டைக் கடித்த மகள்

கேள்வி: ஒன்றரை வயது மகள் மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டு வீறிட்டு அழுதாள். வீட்டில் பூனையும் உண்டு. செடிகளையெல்லாம் அகற்றிவிட வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம் அம்மா. மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா (வெளிர்த் திட்டுகளுடன் பெரிய இலை கொண்ட அழகுச் செடி) இலைகளில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கும். மென்றால் நாக்கிலும் உதட்டிலும் குத்தி எரியும், வீங்கும். அந்த எரிச்சலே இரண்டாவது வாய் கடிக்க விடாது என்பதால் பெரும்பாலும் விபரீதம் ஆவதில்லை. மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்காதீர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ திணறினால் உடனே ஆஸ்பத்திரிதான். ஒரு இலையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

எனக்குக் கவலை உங்கள் பூனைதான். லில்லி பூங்கொத்தை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே, ஜாடித் தண்ணீரைக் குடித்தாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். அரளியும் கூடாது, அது இதயத்தைத் தாக்கும்.

மணி பிளான்ட்டை உயரத்தில் தொங்கவிடலாமே என்பார்கள். கொடி கீழே இறங்கும், பூனை மேலே ஏறும்! யாருக்காவது கொடுத்துவிட்டு ஸ்பைடர் பிளான்ட் வையுங்கள். அதில் விஷமில்லை.