மாதத் திட்டத்தை மணிக்கணக்கில் தொடங்குங்கள்: சிறு தொண்டு அமைப்புகளின் கேள்விகளும் பதில்களும்

சிறிய அமைப்புகளை நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் வேறு வேறு கேள்விகள். ஆனால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிவிடுகிறோம், அதற்கு எத்தனை மணி நேரமும் எவ்வளவு பணமும் கையில் இருக்கின்றன என்று எழுத மறந்துவிடுகிறோம்.

நாங்கள் ஐந்து பேர். மாதத் தொடக்கத்தில் உற்சாகமாக இருபது வேலைகள் எழுதுகிறோம். கடைசியில் எட்டுதான் முடிகிறது. எங்களிடம் ஒழுங்கு போதவில்லையா?

ஒழுங்கு இருப்பதால்தான் எட்டு வேலைகளாவது முடிகின்றன. குறை கணக்கில் இருக்கிறது. உங்களில் ஒருவர் முழுநேரம், இருவர் அரைநேரம், மற்ற இருவர் வாரத்துக்கு நான்கு மணி நேரம் தருகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு முழுநேரத்தவர் 160, அரைநேரத்தவர் இருவரும் சேர்ந்து 160, மற்ற இருவரும் சேர்ந்து 32. மொத்தம் 352 மணி நேரம். பெரிதாகத்தான் தெரியும். இப்போது எழுதாமலே நடந்துகொண்டிருக்கிற வேலைகளைக் கழியுங்கள். வகுப்போ, முகாமோ, வீட்டுச் சந்திப்போ, உங்கள் அமைப்பு எதற்காக இருக்கிறதோ அந்த அன்றாடப் பணிக்கு 220 மணி நேரம் போகும். வவுச்சர், கணக்கு, தொலைபேசி, கூட்டம், பயணம் எல்லாம் சேர்த்து 70 என்று வையுங்கள். மிச்சம் 62. இருபது வேலைகளும் அந்த 62 மணி நேரத்துக்குள் இடம் கேட்கின்றன. ஒரு வேலைக்குச் சுமார் மூன்று மணி நேரம். ‘புதிய மானியத்துக்கு விண்ணப்பிப்பது’ என்ற ஒரே வரி இருபது மணி நேரத்தை விழுங்கிவிடும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானிமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும், ஆகும் நேரத்தைக் குறைத்துக் கணிக்கும் இந்தப் பழக்கத்துக்கு ‘திட்டமிடல் பிழை’ என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்தார்கள். 1994-இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் அது எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள் மாணவர்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். எழுதி முடித்தவர்களுக்கு ஆனது சராசரியாக 55 நாளுக்குச் சற்று மேல். அதாவது, மோசமான நிலைமையை நினைத்துச் சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது.

அதனால் அடுத்த மாதம் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனத்தைக் கேட்காதீர்கள், போன முறை எவ்வளவு ஆனது என்று பாருங்கள். குறிப்பு இல்லையென்றால் இந்த மாதம் முதல் வேலைக்குப் பக்கத்தில் ‘ஆன நேரம்’ என்று ஒரு கட்டம் போட்டு நிரப்புங்கள். மூன்று மாதத்தில் உங்கள் அமைப்புக்கென்று ஓர் அளவுகோல் வந்துவிடும். அது வரைக்கும், மிச்சமான மணி நேரத்தில் கால்பங்கை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். காய்ச்சல், மழை, திடீர் விருந்தினர் எல்லாம் அங்கே வந்து உட்காருவார்கள். 62-இல் 15 போனால் 47. அதற்குள் அடங்கும் நான்கைந்து வேலைகளை மட்டும் எழுதுங்கள்.

வங்கியில் பணம் இருக்கிறது. ஆனாலும் சம்பளத் தேதி வந்தால் பொருளாளர் கையைப் பிசைகிறார். எங்கே தப்பு?

சிறு அமைப்புகளை உண்மையிலேயே கவிழ்க்கக்கூடிய விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வங்கிக் கணக்கில் தெரிவது ஒரே எண். ஆனால் உள்ளே இரண்டு வகைப் பணம் கலந்து கிடக்கிறது. ஒன்று, இன்ன வேலைக்கு மட்டும் என்று கொடுத்தவர் சொல்லிக் கொடுத்த நிதி. மற்றது, எதற்கும் செலவழிக்கலாம் என்கிற பொது நிதி. கணக்கில் 100 இருந்து, அதில் 85 கட்டடத்துக்கோ குறிப்பிட்ட திட்டத்துக்கோ வந்ததாக இருந்தால், வாடகைக்கும் சம்பளத்துக்கும் உங்களிடம் இருப்பது 15தான். மாதத் தொடக்கத்தில் இந்த இரண்டையும் பிரித்து எழுதாத எந்தத் திட்டமும் காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

நான் முன்பு உதவிய ஓர் அமைப்பில், நூலகத்துக்கு வந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தோடுதான். அடுத்த மாதம் வர வேண்டிய மானியம் வரவில்லை. நூலகம் எப்படி இருக்கிறது, படம் அனுப்புங்கள் என்று நன்கொடையாளர் கேட்டபோது காட்டுவதற்கு வெறும் அறைதான் இருந்தது. யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை திரும்பி வரவே இல்லை. அந்தச் செயலாளரின் முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது.

என்ன செய்யலாம்? இந்த மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் பொது நிதியின் தொடக்க இருப்பு, வரப்போவது, போகப்போவது, கடைசி இருப்பு. வரப்போவதில், கடிதமோ ஒப்பந்தமோ கையில் இருப்பதை மட்டும் சேருங்கள். ‘தருவதாகச் சொன்னார்’ என்பதைத் தனியாக ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம், கூட்டலில் சேர்க்க வேண்டாம். சில மானியங்கள் நாம் செலவழித்து, ரசீது காட்டிய பிறகுதான் வரும். அப்படிப்பட்ட திட்டத்தில் செலவு ஒரு மாதத்திலும் வரவு இன்னொரு மாதத்திலும் விழும். இடையில் இருக்கும் பள்ளத்தைப் பொது நிதிதான் தாங்க வேண்டும். தாங்குமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பாருங்கள்.

இதில் இன்னொன்று. பொது நிதியின் இருப்பை, தவிர்க்கவே முடியாத மாதச் செலவால் வகுத்தால், வரவே இல்லாமல் எத்தனை மாதம் ஓடலாம் என்பது தெரியும். மூன்று முதல் ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருக்கச் சொல்வது வழக்கம். புதிய அமைப்புக்கு அது தூரத்து இலக்கு. முதலில் ஒரு மாதத்தைச் சேருங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு மாதமும் நிர்வாகக் குழுவுக்குச் சொல்லுங்கள், நன்றாக இல்லாத மாதத்திலும்.

இதற்கெல்லாம் எந்த ஆப் நல்லது?

எல்லோரும் திறந்து பார்க்கிற எதுவும். ஐந்து பேருக்கு ஒரு எக்செல் தாளோ சுவரில் மாட்டிய காலண்டரோ போதும். ஆப் மாற்றிக்கொண்டே இருக்கும் அமைப்புகளில் திட்டமும் ஆப்போடு சேர்ந்து தொலைவதைப் பார்த்திருக்கிறேன்.

நன்கொடையாளருக்கான ரிப்போர்ட் என்றாலே கடைசி மூன்று இரவு தூக்கம் போய்விடுகிறது. தேதி முன்பே தெரியும், ஆனாலும் இப்படித்தான்.

தேதி தெரிந்திருக்கிறது, ஆனால் திட்டத்தில் அது ஒரே ஒரு நாளாக இருக்கிறது. ரிப்போர்ட் என்பது குறைந்தது நான்கு பேரின் வேலை. களப்பணியாளர் எண்ணிக்கை தர வேண்டும். பொருளாளர் செலவுக் கணக்கை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு முடிக்க வேண்டும். ஒருவர் எழுத வேண்டும். இன்னொருவர் படித்துச் சரி பார்க்க வேண்டும். ஆகவே கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 30-ஆம் தேதி அனுப்ப வேண்டுமானால், 26-இல் சரிபார்ப்பு, 20-இல் முதல் வரைவு, 15-இல் கணக்கு, 12-இல் களத் தகவல். இந்த நான்கு தேதிகளும் அந்தந்த ஆளின் பெயரோடு திட்டத்தில் ஏற வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று சொல்கிறேன். தகவலை ரிப்போர்ட் மாதத்தில் சேகரிக்காதீர்கள். மாதாமாதம் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, எத்தனை பேர் வந்தார்கள், என்ன மாறியது, மனத்தில் நின்ற ஒரு சம்பவம், இரண்டு படங்கள் என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து, அந்தக் குழந்தை என்ன சொன்னாள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தச் சொற்கள்தான் ரிப்போர்ட்டுக்கே உயிர். அவளுடைய பெயரையும் படத்தையும் பயன்படுத்த வீட்டாரின் சம்மதத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

தன்னார்வலர்கள் வருகிறேன் என்கிறார்கள், வருவதில்லை. அவர்களை நம்பி எப்படித் திட்டமிடுவது?

வராதவர்கள் மேல் கோபப்படும் முன், அவர்களுக்கு என்ன அழைப்பு போனது என்று பாருங்கள். ‘நேரம் கிடைக்கும்போது வந்து உதவுங்கள்’ என்றால் நேரம் கிடைக்காது. ‘இரண்டாவது சனிக்கிழமை 10 முதல் 12 வரை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாசிப்பு, உங்களோடு இன்னொருவர் இருப்பார்’ என்றால் பலர் வருவார்கள். அவர்களுக்கும் ஒரு மாதக் காலண்டர் உண்டு, அதில் நுழைய நமக்கு மூன்று வார அவகாசமாவது வேண்டும். இரண்டு நாள் முன்பு ஒரு நினைவூட்டல் போதும்.

போன ஆறு மாத வருகைப் பதிவை எடுங்கள். பத்து பேர் சரி என்றால் ஆறு பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால், ஆறு பேருக்கான வேலையைத் திட்டமிடுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு, மருந்து, பணம் போல ஒருவர் வராவிட்டால் யாருக்காவது கெடுதல் நேரும் பொறுப்புகளுக்கு எப்போதும் ஒரு மாற்று ஆள் பெயர் எழுதியிருக்க வேண்டும். அப்புறம், அவர்களுக்கு நன்றி சொல்வதும் திட்டத்தில் ஒரு வேலைதான். ஐ.நா. பொதுச்சபை 1985-இல் டிசம்பர் 5-ஐ உலகத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது. அன்று விழா எடுங்கள், நல்லது. ஆனால் மார்ச் மாதம் மழையில் நனைந்து வந்தவருக்கு மார்ச்சிலேயே ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும்.

அமைப்பைத் தொடங்கியவர்தான் எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருக்கிறார். கேட்டால் சொல்கிறார், எழுத மாட்டேன் என்கிறார்.

அவரை எழுதச் சொல்லாதீர்கள். பேசச் சொல்லுங்கள், நீங்கள் எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரு தேநீர் வேளையில் உட்கார்ந்து, ‘அடுத்த மாதம் உங்களுக்கு எந்தெந்தத் தேதி முக்கியம்? யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் புதையல் இருக்கும். வழியில் பார்த்தவரிடம் சொன்ன வார்த்தை, நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்ட உதவி எல்லாம் அதில்தான் வெளியே வரும். பதிவுப் புதுப்பிப்பு, தணிக்கை, வாடகை ஒப்பந்தம் போல ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவற்றையும் கேட்டு, பன்னிரண்டு மாதப் பட்டியல் ஒன்று தயார் செய்துவிடுங்கள். அவர் பத்து நாள் படுத்துவிட்டாலும் வேலை நிற்காது என்று தெரிந்தால், பாரம் முதலில் குறைவது அவருக்குத்தான். இதை அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள்.

திட்டமிடுவதற்கு மாதம் அரைநாள் ஒதுக்கினோம். அது நிர்வாகச் செலவு, பயனாளிகளுக்குப் போக வேண்டிய நேரம் என்று குழுவில் ஒருவர் எதிர்க்கிறார்.

அவருடைய அக்கறை நியாயமானது. ஆனால் நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்ற எண்ணமே மாறிவருகிறது. நன்கொடையாளர்களுக்காகத் தொண்டு அமைப்புகளை மதிப்பிட்டு வந்த மூன்று அமெரிக்க நிறுவனங்கள் 2013-இல் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதின: நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு தொண்டு அமைப்பை எடை போடாதீர்கள் என்று. உங்கள் குழு உறுப்பினரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: 352 மணி நேரத்தில் 4 மணி நேரம், நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். போன மாதம் இரண்டு முறை செய்த வேலை, மறந்துபோய் அவசரமாகச் செய்த பயணம் இவற்றுக்குப் போன நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

நன்கொடைக்கு எப்போது நன்றி சொல்ல வேண்டும்?

இரண்டு நாளுக்குள், ரசீதோடு. வாரத்துக்கு இரண்டு அரைமணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். ஆண்டில் சில மாதங்களிலாவது எதையும் கேட்காமல், அவர்கள் பணத்தால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

மாத நடுவில் ஒருவர் வேலையை விட்டார், இன்னொருவர் மருத்துவமனையில். திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து, மீதமுள்ள வேலைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். நின்றால் ஒரு மனிதருக்குத் தீங்கு வருமா, சம்பளமோ சட்டப்படியான தேதியோ தவறுமா? வருமென்றால் அது இருக்கட்டும். மற்றவற்றில் சிறிதாக்க முடிந்ததைச் சிறிதாக்குங்கள், வாரம் இரண்டு வகுப்பை ஒன்றாக்குவது போல. மிச்சத்தைத் தள்ளிவையுங்கள், பக்கத்தில் புதுத் தேதி எழுதி. தேதி குறிக்காமல் தள்ளியது அடுத்த திட்டத்தில் வராமலே போய்விடும். பிறகு, அந்த வகுப்புக்காகவோ சந்திப்புக்காகவோ காத்திருக்கிறவர்களுக்கு அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். சிலர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறவர்களாக இருப்பார்கள். அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.