பழவாடை வீசும் ஜமைக்கா ரம் போலியா?

கேள்வி: லண்டனில் எங்கள் தெருமுனைக் கடையில் ஆல்கஹால் 63 சதவீதம் என்று அச்சிடப்பட்ட ஜமைக்கா வெள்ளை ரம் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் கனிந்து அழுகும் வாழைப்பழமும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் கலந்தது போன்ற நெடி எழுந்தது. ஒரு மடக்கிலேயே தொண்டை எரிந்தது. இது போலியா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: அந்த நெடியை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட இயலாது. கரும்பாலையில் எஞ்சும் மொலாசஸ் பாகை ஓரிரு நாளில் புளிக்கவைத்து வடிக்கும் மென்மையான ரம்களைப் போலன்றி, ஜமைக்காவின் சில ஆலைகள் அதைப் பல நாட்கள் புளிக்கவிட்டு, முந்தைய வடிப்பில் எஞ்சிய டன்டர் என்னும் கழிவுநீரையும் சேர்ப்பதுண்டு. அப்போது பெருகும் எஸ்டர்கள் என்னும் மணம் தரும் சேர்மங்களே, பானை வடிகலனில் வடித்த சரக்கில் நீங்கள் முகர்ந்த பழவாடையையும் கரைப்பான் நெடியையும் தருகின்றன. அதைத் தேடி வாங்குவோரும் உண்டு. தொண்டை எரிந்ததற்கு 63 சதவீதமே போதுமான காரணம்.

சிக்கல் என்னவென்றால், கள்ளச் சரக்கிலும் நகப்பூச்சு நெடி வரலாம். கண்பார்வையைப் பறிக்கும் மெத்தனாலையோ மூக்கால் பிரித்தறியவே முடியாது. ஆகவே புட்டியைப் பாருங்கள். மூடியின் முத்திரை முன்பே உடைந்திருந்ததா, சீட்டு கோணலாகவோ எழுத்துப் பிழையுடனோ உள்ளதா, இறக்குமதியாளர் முகவரியும் தொகுதி எண்ணும் இருக்கின்றனவா, விலை மற்ற கடைகளைவிட நம்ப முடியாத அளவு குறைவா என்று கவனியுங்கள். ஐயம் எழுந்தால் மேற்கொண்டு குடிக்காமல், புட்டியைக் கொட்டாமல் ரசீதோடு வைத்துக்கொண்டு, சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் வழியாக டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்னும் வணிகக் கண்காணிப்பு அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பொருள் குறையுடையதாகவோ விவரிப்புக்கு மாறாகவோ இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. கடைக்கு நேரில் சென்று வாங்கிய பொருளின் சுவை பிடிக்கவில்லை என்பது குறையாகாது. கடைக்காரர் மனமிரங்கினால்தான் உண்டு.

புட்டியில் குறையேதும் இல்லையென்றால், 30 மில்லி ரம்முடன் 17 மில்லி தண்ணீர் சேர்த்துப் பாருங்கள், வழக்கமான 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஜமைக்காவிலேயே இதைக் கிரேப்ஃப்ரூட் சோடாவில் கலந்து குடிப்பது பரவலான வழக்கம்.