முதல் ஆடு எந்தத் தேதியில் விற்றது?

கேள்வி: மழை பொய்க்கும் என்று தெரிந்ததும், ராமநாதபுரம் மாவட்டம் கடலாடிப் பக்கம் 120 குடும்பங்களுக்கு டிசம்பரிலேயே பணமும் ஆட்டுத் தீவனமும் கொடுத்தோம். அது பயன்பட்டதா என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: "உதவியாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷமும் வேண்டுமே என்று எல்லோரும் ஆமாம் என்பார்கள். தேதி கேளுங்கள். முதல் ஆட்டை எப்போது விற்றார்கள், நகை எப்போது அடகுக்குப் போனது, வட்டிக்கு எப்போது வாங்கினார்கள், வீட்டில் யார் எப்போது வெளியூர் வேலைக்குக் கிளம்பினார்? பக்கத்திலேயே உதவி கைக்கு வந்த தேதியை எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய தேதியை அல்ல. ஆடு போன பிறகு தீவனம் வந்திருந்தால் அது முன்னுதவியே இல்லை, வழக்கமான நிவாரணம்தான். தேதி மறந்தவர்களிடம் பொங்கலுக்கு முன்னாலா, சிவராத்திரிக்குப் பின்னாலா என்று கேட்டால் வந்துவிடும்.

அரசு அறிவிப்பை வறட்சியின் தொடக்கமாக வைக்காதீர்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்ற அறிவிப்பு 2017 ஜனவரியில்தான் வந்தது. மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் விதைத்த புழுதி விதைப்பு நெல் அதுவரை காத்திருக்காது.

உதவி பெறாத 60 குடும்பங்களையாவது சேர்த்துக் கேளுங்கள். அவர்களும் மானாவாரியாக, ஏறக்குறைய அதே ஆட்டுக் கணக்கோடு இருக்க வேண்டும்; வைகைத் தண்ணீர் ஏறும் கண்மாய் ஊரோடு ஒப்பிட்டால் கணக்கு கெட்டது. உதாரணமாக, உதவி பெற்ற வீடுகளில் சராசரி 6 ஆடு 5 ஆனது, பெறாத வீடுகளில் 6 ஆடு 3 ஆனது என்றால், உங்கள் உதவி காப்பாற்றியது வீட்டுக்கு 2 ஆடு. விற்ற விலையையும் குறியுங்கள். ஊரே ஒன்றாக விற்கும்போது வியாபாரி சொல்வதுதான் விலை.

கடலோர ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த வருமான இழப்பும் தடைக்கால நிவாரணமும் வறட்சிக் கணக்கில் கலந்துவிடும். அதனால் மார்ச் கடைசியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று போங்கள்.

பூட்டிய வீட்டைத் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் பெரிய தவறு. பிழைக்க வெளியூர் போனவர்களே அதிகம் அடிபட்டவர்கள்; அவர்களை விட்டால் முடிவு பொய்யாக நன்றாகத் தெரியும். போனிலாவது கேளுங்கள்.

தண்ணீர்க் கேள்வியைக் குடம் தூக்கும் பெண்ணிடமே கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. 15 லிட்டர் குடம் என்றால் ஐந்து பேருக்கு ஐந்து குடம். எத்தனை குடம் விலைக்கு, எத்தனை ஊருணியில், எத்தனை உப்புத் தண்ணீர் என்று பிரித்து எழுதுங்கள்.

கொடுத்த பிறகு மழை கொட்டிவிட்டால் அந்த ஆண்டை மறைக்க வேண்டாம். எந்த அளவு மழை குறைந்தால் கொடுப்பது என்று முன்பே எழுதி வைத்திருந்தீர்களா, அதன்படிதான் கொடுத்தீர்களா என்பதையும் செலவையும் தனியே பதியுங்கள். அடுத்த பருவத்தில் அந்த அளவைத் திருத்த அந்தப் பதிவுதான் வேண்டும்.